வேப்பமரத்தடியில் வாசிக்கப்பட்ட குறுஞ்செய்தி

ஒரு கல்லூரியின் விதி ஏன் மாறிற்று என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. மாறிய பிறகு காரணம் மட்டும் ஊருக்கு ஒன்றாக முளைக்கும்.

சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், மாணவியர் வகுப்புக்கு வராததைப் பெற்றோருக்கு அறிவிக்கும் முறை அண்மையில் மாற்றப்பட்டது. ஆலை முதலாளிகள் அழுத்தம் தந்தார்கள் என்கிறார் ஒருவர். ஒரு பெண் ஓடிப்போனாள் என்கிறார் இன்னொருவர். இரண்டும் பொய். இரண்டாவது பொய் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்க வல்லது. அக்கல்லூரியின் ஒழுங்குக் குழுவில் வெளி உறுப்பினனாக அமர்ந்து அனைத்தையும் கேட்டவன் நான். ஆகவே நடந்ததை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

பெண்ணின் பெயரை எழுதப் போவதில்லை. வணிகவியல், இரண்டாமாண்டு – அவ்வளவு போதும்.

முதல் வகுப்பில் ஒரு மாணவி இல்லையெனில் உடனே பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி பறக்கும். இதுதான் பழைய விதி. பாதுகாப்புக்கென்று செய்த ஏற்பாடு. குழுவில் நாங்களே மெச்சிக்கொண்ட ஏற்பாடு.

ஆனால், பெற்றோரின் கைப்பேசி எங்கே இருக்கிறது?

அப்பெண்ணின் தாய்க்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் கைப்பேசி நுழையக் கூடாது. காலையில் ஆலை வண்டி ஏறும்போதே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆத்திர அவசரத்துக்கு என்ன செய்வது? வாயிலருகே அலுவலக அறையில் இருக்கும் போர்மேன் அண்ணாச்சியின் எண்ணைக் கொடுப்பது! இவள் தாய் மட்டுமா... அந்த ஆலையிலிருந்து பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மார் அனைவரும் அந்த எண்ணையே கொடுத்திருந்தார்கள். எங்கள் கணினியின் கண்ணுக்கு அண்ணாச்சி, அளவிறந்த பெண்மக்களைப் பெற்ற பெருந்தந்தை.

வரும் செய்திகளை அவர் சேர்த்துவைப்பார். மதியம் வேப்பமரத்தடியில் தூக்குவாளிகள் திறக்கும் வேளையில் உரக்க வாசிப்பார்.

அன்றும் வாசித்தார். “ஏத்தா, ஒம் மக இன்னைக்கிக் காலேசுக்கு வரலையாம்!”

“பஸ்ஸுல ஏறுனத எங் கண்ணால பார்த்தேனே,” என்றாளாம் ஒருத்தி.

“ஏறுனது சரிக்கா. எங்கன எறங்குனா?” என்றாளாம் மற்றொருத்தி.

ஒரே சிரிப்பு. அதில் நஞ்சில்லை. ஆனால் அதே மரத்தடியில், அந்த ஆலையிலேயே லோடு ஏற்றும் பெண்ணின் தாய்மாமனும் உண்டுகொண்டிருந்தார். தந்தை இல்லாத வீடு; மாமன் சொல்லுக்கு எடை மிகுதி. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

“படிச்சுக் கிழிச்சது போதும்க்கா. திங்கக்கெழமையில இருந்து அவளையும் நம்ம வண்டியிலயே ஏத்தி விட்ரு.”

மறுநாள் சனிக்கிழமை. தீபாவளிச் சீசன் நேரத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தாய், மகளோடு எங்கள் குழுவின் முன் வந்து நின்றார். மரத்தடியில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, இனி இப்படிச் செய்தி அனுப்ப வேண்டாம் என்று கேட்டார்.

“சரிம்மா, நேத்து எங்க போயிருந்த?” என்று பெண்ணிடம் கேட்டார் குழுவிலிருந்த இயற்பியல் பேராசிரியர்.

“எங்க அம்மாட்டச் சொல்லிட்டேன் சார்.”

“எங்ககிட்டயும் சொல்லு. இங்க பேசுறது வெளிய போகாது.”

வெளியே போகாதாம்! வேப்பமரத்தடியைவிட எங்கள் அறையில் கூட்டம் சற்றே குறைவு... அவ்வளவுதான் வேறுபாடு.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். “நான் வரலைன்னு எங்க அம்மாவுக்குத் தெரியணும், சரிதான் சார். எங்க அம்மா வேலை பாக்குற கம்பெனிக்கே எதுக்குத் தெரியணும்?”

முதல்வர் அம்மையார், ஏன் உரக்க வாசித்தார் என்று கேட்கப் போர்மேனைத் தொலைபேசியில் அழைத்து, அனைவரும் கேட்குமாறு கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

“நான் என்ன தப்புப் பண்ணேம்மா?” என்று அண்ணாச்சியின் குரல் வெடித்தது. “போன தடவ இதே பிள்ள மொத மார்க்குன்னு மெசேஜ் வந்துச்சு. ‘இன்னொருக்கா வாசிங்க அண்ணாச்சி’ன்னு விடாம வாசிக்க வச்சாக. அம்புட்டுப் பேருக்கும் காரச்சேவு வாங்கிக் குடுத்தது நான்தான். அப்ப மட்டும் இனிச்சுதாக்கும்?”

தாய் சிரித்துவிட்டார். மகளும் கூட.

அவர் சொன்னதில் பொய்யில்லை. தன் பிள்ளை, அடுத்தவள் பிள்ளை என்று பிரித்தறியாத மரத்தடி அது. அன்பு மிகுந்த வீட்டுக்குக் கதவு தேவைப்படுவதில்லை. ஆனால் வளர்ந்த பெண் ஒருத்திக்கு, சாத்திக்கொள்ள ஒரு கதவாவது வேண்டாமா?

இயற்பியலார் விடவில்லை. “பதிவுல காரணம்னு ஏதாச்சும் எழுதணுமேம்மா?”

“அவ ஆத்தாளுக்குத் தெரியும்னு எழுதிக்கோங்க,” என்றார் தாய்.

“அது எப்படிம்மா காரணமாகும்?”

“ஏன் ஆகாது? தப்புத்தண்டான்னா நான் கூலிய விட்டுட்டு இங்கன வந்து நிப்பேனா? அது அவ காரியம். சொல்லணும்னா அவ சொல்லட்டும்.”

முதல்வர் பதிவேட்டை இழுத்து, ‘தாயார் அறிவார்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

தாய் நகரவில்லை. “எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்கம்மா. நேத்து அனுப்புனீகள்ல, அதே போனுக்கு இன்னொண்ணு அனுப்புங்க. எம் மக மேல காலேசுக்கு ஒரு கொறையும் இல்ல, திங்கக்கெழம வகுப்புக்கு வரணும்னு. நான் தனியாச் சொன்னா எந் தம்பி எதுத்துப் பேசுவான். மரத்தடியில, நாலு பேரு முன்னால கேட்டா வாயத் தொறக்க மாட்டான்.”

கதவு கேட்டு வந்த தாய், அந்தத் திறந்தவெளியையும் கைவிடவில்லை!

செய்தி சென்றது. பிற்பகலில் அண்ணாச்சியே அழைத்தார். “வாசிச்சிட்டேம்மா. பொம்பளைக கை தட்டுனாக. மாமங்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ‘எங்க பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா’ங்கிறான்!”

திங்களன்று அவள் வகுப்பில் இருந்தாள்.

பின்னரே விதி மாறியது. இப்போது, ஒரு மாணவி வராவிட்டால் கல்லூரி முதலில் அவளிடமே விசாரிக்கும். அவள் அகப்படாவிட்டால் மட்டும் அண்ணாச்சி வழியே தாயைத் தொலைபேசிக்கு அழைக்கும். செய்தியைத் தாயிடமே சொல்லும். குறுஞ்செய்தி, ஆலை வண்டி வீடு திரும்பிய பிறகு, தாயின் சொந்தக் கைப்பேசிக்குத்தான். மதிப்பெண் செய்திகளை மட்டும், மாணவி இசைந்தால், அண்ணாச்சிக்கும் அனுப்பலாம். முதலில் இசைந்தவள் அந்தப் பெண்தான்.

ஆலை நடைமுறை பற்றியோ கல்லூரி விதி பற்றியோ நான் பிழைபட எழுதியிருந்தால், அறிந்தவர்கள் தயங்காமல் திருத்தி எழுதுங்கள்; நன்றியோடு ஏற்பேன். அன்று அவள் எங்கே போனாள் என்பதை அறிந்தவர்கள் மட்டும், அருள்கூர்ந்து எழுத வேண்டா – எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும்!