சத்தம் போடாத பெட்டி

முப்பத்துமூன்று வருஷமாக ஒரே ஒரு பேச்சு திருப்புளிக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பதினோரு வயதில் அவன் அண்ணனின் ரேடியோவைப் பிரித்துப் போட்டான். மாவு மில்லில் சேர்ந்த அண்ணன் முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய ரேடியோ அது. பிரித்தவனுக்குத் திரும்ப மாட்ட வரவில்லை. கையில் நாலு ஸ்க்ரூ மிச்சம். அண்ணன் அன்றைக்கு நாலு சாத்து சாத்தியிருந்தால் வலித்து ஆறியிருக்கும். அவர் அடிக்கவில்லை. "இவனுக்குப் பிரிக்கத்தான் தெரியும், மாட்டத் தெரியாது" என்றார். அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கல்யாண வீடு, துக்க வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். திருப்புளியின் வருங்கால மாமனாரிடமே சொன்னார். அந்த மனிதர் பெண்ணைக் கொடுத்தது திருப்புளி செய்த புண்ணியம்.

இப்போது அவனுக்குக் கடைத்தெருவில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. எந்நேரமும் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருப்பதால் திருப்புளி என்பதே பெயராகிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை மெஷினைப் பிரித்து மாட்டினான் என்று அவனுக்கே கணக்கில்லை. அண்ணன் மட்டும் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. வீட்டு மிக்ஸி நின்றுபோனால் மூன்று தெரு தள்ளி இன்னொருத்தனிடம் தூக்கிக்கொண்டு போவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம், தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் மாவாக, கடை வாசலில் வந்து நின்றார். தெருவில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். நிறத்தைப் பார்த்து வைத்ததில்லை, மாவைப் பார்த்து வைத்தது.

"டேய், எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்."

திருப்புளி ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "உனக்கெதுக்குண்ணே?"

"உங்க அண்ணி பேசுறது கேக்கலடா."

வெள்ளைக்காரரின் காது பாதி போய்விட்டிருந்தது. மூன்று அரவை மெஷின் ஒன்றாக ஓடுகிற தகரக் கூரைக்குக் கீழே முப்பத்துமூன்று வருஷம் நின்றால் யாருக்குத்தான் காது மிஞ்சும்? லாரி உறுமல், மோட்டார் இரைச்சல் மாதிரி கனத்த சத்தம் கேட்கும். பேச்சு கேட்காது. அதிலும் மெல்லிய குரல் என்றால் சுத்தம். காதுக் கருவி ஒன்று வாங்கிப் பார்த்தார். அது பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கியது. கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

அண்ணி வெளிநாட்டில் ஒரு வயதான அம்மாவுக்குத் துணையாக வேலை பார்க்கிறாள். மூன்று வருஷம் என்று சொல்லிப் போனவள். முதலில் வீட்டுக்குக் கூரை, பிறகு மகளுக்குப் படிப்பு என்று அது ஒன்பது வருஷமாகிவிட்டது. நடுவில் இரண்டே தடவை வந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் வரும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை அப்பாவின் காதில் உரக்கத் திருப்பிச் சொல்வாள்.

"அம்மா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொல்றாங்கப்பா." "முதுகு வலிக்கு மருந்து தடவினீங்களான்னு கேக்குறாங்கப்பா."

பெற்ற மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் என்னதான் பேச முடியும்? சாப்பாட்டையும் மருந்தையும் பேசினார்கள். ஒன்பது வருஷம் அதையே பேசினார்கள். இப்போது மகளும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வெள்ளைக்காரர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "ஆங்? என்ன? ஆங்?" என்பார். அந்தப் பக்கம் அவள் கத்திக் கத்தி ஓய்ந்து வைத்துவிடுவாள்.

"பெரிய ஸ்பீக்கர் வெச்சு, டிவில அவ முகம் பெருசாத் தெரியுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. வாயசைவப் பாத்தாலாவது பாதி புரியும்" என்றார் வெள்ளைக்காரர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "செலவு ரொம்ப ஆகக் கூடாது" என்றார்.

திருப்புளி கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்துப் போய்க் கூடத்தில் டிவிக்குக் கீழே வைத்தான். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே மூன்று ஃபேனும் கூவ ஆரம்பித்தன. அண்ணி முகம் டிவியில் அகலமாக வந்தது. வாய் அசைந்தது. வெள்ளைக்காரர் முன்னால் குனிந்து பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"மில்லையே தூக்கிட்டு வந்து வீட்டுல வெச்சிருக்கியேடா."

திருப்புளிக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னதில் தப்பில்லை. மற்றவர்களுக்கு அது லேசான இரைச்சல். அவருக்கு மிஞ்சியிருந்த காதுக்கு அந்த இரைச்சல் மட்டும்தான் கேட்கும். பேச்சு அதற்குள் முங்கிப்போகும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய சின்ன மதர்போர்டு ஒன்று இருந்தது, கரண்ட் கொஞ்சமாகக் குடிக்கிற ஜாதி. முகம் பார்த்துப் பேச அது தாராளம். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சுற்றாத டிஸ்க் போட்டான். பவருக்கு லேப்டாப் அடாப்டரை வெளியே தொங்கவிட்டான். அதோடு உள்ளே இருந்த ஃபேன் எல்லாம் போயிற்று. ஃபேன் இல்லாவிட்டால் சூடு எங்கே போகும்? பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கைப்பருமன் அலுமினியத் தகடு ஒன்றைக் கழற்றி, பிராசஸரின் முதுகில் ஒட்டி, பெட்டிக்கு அதையே மூடியாக்கினான். சூடு மூடி வழியாக வெளியே போய்விடும். ஒன்பது நாள் பிடித்தது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். குண்டூசி விழுகிற சத்தம்கூட இல்லை. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு மெஷின் அவன் கையால் உருவானதில்லை.

சனிக்கிழமை கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான். ஸ்பீக்கர் இரண்டையும் நாற்காலிக்குப் பக்கத்தில் காது உயரத்துக்கு வைத்தான். பொத்தானை அமுக்கினால் போதும், அண்ணியின் அழைப்பு தானாகவே டிவியில் வந்துவிடும்படி செய்தான். ஞாயிறு நாலேகாலுக்குப் போன் வந்தது.

"செத்துப் போச்சுடா உன் பெட்டி."

ஓடிப் போய்ப் பார்த்தால் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. அடுத்த ஞாயிறும் அதே கதை. "உசிரே இல்ல. பொணம் மாதிரி கெடக்கு." போய்ப் பார்த்தால் மறுபடியும் நன்றாக ஓடுகிறது. திருப்புளிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அன்றைக்கு ஹாஸ்டலிலிருந்து அண்ணன் மகள் போனில் பேசினாள்.

"சித்தப்பா, அம்மா ஒரே அழுகை. அப்பா முகம் தெரியுதாம், உடனே கட் பண்ணிடுறாராம். ரெண்டு வாரமா இப்படியாம். இத்தனை வருஷம் வராம இருந்ததுக்குக் கோவமான்னு கேக்குறாங்க. இனிமே பேசவே மாட்டேங்குறாங்க."

"அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்லும்மா. நான் பக்கத்துல இருக்கேன்."

மூன்றாம் ஞாயிறு அவன் மூன்றரைக்கே போய், ஒன்றும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்தான். வெள்ளைக்காரர் குளித்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். காது மடலில் மட்டும் கொஞ்சம் மாவு விட்டுப்போயிருந்தது. நாலு மணிக்குப் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். டிவி விழித்துக்கொண்டது. திரை நடுவில் வட்டம் சுற்றியது, அண்ணியின் முகம் அப்போதுதான் தெளிய ஆரம்பித்தது. அதற்குள் அவர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. பொத்தானை மறுபடி அமுக்கப் போனார்.

திருப்புளி பாய்ந்து கையைப் பிடித்தான். "என்ன பண்றே?"

"ஓடலடா. அதிர்வே இல்ல பாரு. திரும்பப் போட்டாத்தான் புடிக்கும்."

அப்போதுதான் விஷயம் வெளிச்சமானது. மில்லில் அவர் எந்த மெஷினையும் காதால் பார்த்ததில்லை, அந்த இரைச்சலில் பார்க்கவும் முடியாது. மோட்டார் மேல் கையை வைப்பார். அதிர்ந்தால் ஓடுகிறது, அதிராவிட்டால் நின்றுவிட்டது. அணைத்துப் போடு. முப்பத்துமூன்று வருஷப் பழக்கம். அந்தக் கையை வைத்துத்தான் இரண்டு வாரமாகப் பெண்டாட்டியை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார், பாவி மனுஷன்.

"அண்ணே, இதுல அதிர்றதுக்கு ஒண்ணுமே வெக்கல நான். அரைச்ச மாவு சரியா வருதான்னு எப்படிப் பாப்பே?"

"கையில வாங்கிப் பாப்பேன். வெதுவெதுன்னு இருக்கணும்."

"இதையும் அப்படிப் பாரு." அவர் கையை எடுத்து மேல் மூடியில் வைத்தான். தகடு மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. "வெதுவெதுப்பு இருக்குற வரைக்கும் அவங்க இருக்காங்க. பொத்தானைத் தொடாதே."

வெள்ளைக்காரர் கையை எடுக்கவில்லை.

"என்னங்க?" என்றாள் அண்ணி. கூடத்தில் வேறு சத்தமே இல்லை. "காது மடல்ல மாவு இருக்கு. துடைங்க."

அவர் மடலைத் துடைத்தார். கேட்டுவிட்டது! யாரும் நடுவில் உட்கார்ந்து திருப்பிச் சொல்லாமல் கேட்டுவிட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகளை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் கூப்பிடாத பெயர். அதற்கு மேல் அவர்கள் பேசியதைத் திருப்புளி கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் முக்கால் மணி நேரம் தண்ணீர் குடித்தான்.

திரும்பி வந்தபோது அண்ணி எழுந்து நின்றிருந்தாள். "தம்பி, நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்குச் சூப் குடுக்குற நேரம். வெச்சிரட்டுமாங்க?"

"வேண்டாம். நீ போய்ட்டு வா. அப்படியே இருக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். திரையில் அவளுடைய அறை மட்டும் நின்றது. ஒற்றைக் கட்டில், நாற்காலி முதுகில் போட்ட அவள் ஸ்வெட்டர், ஜன்னலில் பாதி இழுத்த திரைச்சீலை. வெள்ளைக்காரர் தகட்டில் கையை வைத்தபடியே அந்த ஆளில்லாத அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அவதானேடா?"

"அவங்கதான்."

"இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்ங்குறா, வர்றதுக்கு."

திருப்புளி செருப்பை மாட்டினான். "ராத்திரிக்குச் சாப்பாடு குடுத்து அனுப்பவா?"

அவர் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்து அவள் நடமாடுகிற சத்தத்தைப் பிடிக்கப் பார்த்தார், பிடிபடவில்லை. எரிச்சலோடு கூடத்து மூலையில் அப்போதுதான் உறும ஆரம்பித்திருந்த ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார்.

"போறப்போ அந்த ஃப்ரிட்ஜோட பிளக்கைப் புடுங்கி விட்டுட்டுப் போ" என்றார்.

"உள்ள பால் இருக்குண்ணே. கெட்டுப் போயிரும்."

"கெட்டா கெடட்டும். புடுங்குடா."