பெட்டியில் நாலு பட்டன்

போர்டு கேம்களை வாடகைக்கு விடுகிறவனுக்கு ஒரே பயம்தான்: போன பெட்டி போனபடி திரும்பி வராது. சேலையூரில் எட்டு வருஷமாக இந்தத் தொழில். பொருளை இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது புரியும்.

எண்ணிக்கை சரி

பெட்டி வந்ததும் காய்களை எண்ணுவேன். தொலைத்தவர்கள் சொல்லவே மாட்டார்கள். சட்டைப் பட்டனையோ பாட்டில் மூடியையோ போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடுவார்கள். ஒருமுறை செஸ் பெட்டியில் ராணிக்குப் பதில் குக்கர் வெயிட் இருந்தது. கொண்டுவந்தவர் அசரவே இல்லை. "விளையாடும்போது ஒண்ணும் வித்தியாசம் தெரியல சார்."

ஒரே ஒரு பெட்டி

வண்டலூர் ரெஜினா கேம் வடிவமைக்கிறவர். தயாராகிக்கொண்டிருந்த ஒரு விண்வெளிப் படத்துக்காக அவர் கையால் செய்த கேமின் முதல் மாதிரி அந்தப் பெட்டி. வேறு பிரதி கிடையாது. திங்கள் பதினோரு மணிக்கு டைரக்டரிடம் காட்ட வேண்டும். அதற்குள் ஒரு குடும்பம் விளையாடிப் பார்க்கட்டும் என்று என்னிடம் கொடுத்தார். "இது போச்சுன்னா என் வேலையும் போச்சு அண்ணா."

கடையைச் சுத்தம் செய்தேன்

திறந்துகூடப் பார்க்காமல் பெருங்களத்தூர் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தேன். ஞாயிறு மாலை பெட்டி வந்தது. உள்ளே நாலு பட்டன், ரெண்டு புளியங்கொட்டை! பயமும் ஆத்திரமுமாக அவற்றைக் குப்பையில் வீசிவிட்டு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் காலைதான் அந்த வீட்டம்மா எடுத்தார். கத்தித் தீர்த்தேன். "நாங்க திறக்கும்போதே பட்டன்தான் சார் இருந்துச்சு. புளியங்கொட்டைதான் ரோபோன்னு உள்ளே பேப்பர்ல எழுதியிருக்கே, படிக்கலையா?"

குப்பை வண்டி

தொட்டி காலி. கேம்ப் ரோட்டில் செருப்புகூடப் போடாமல் வண்டியைத் துரத்தினேன். ஓட்டிவந்த அக்கா நிறுத்தி, விஷயத்தைக் கேட்டுப் பாவமாகப் பார்த்தார். "உன் தெரு லோடு அப்பவே போயிட்ச்சு சார். ஒரு பட்டனுக்கா இம்மாம் பேஜாரு?"

ரெஜினா வந்தார்

வீட்டு ஊசிநூல் டப்பாவிலிருந்து பட்டன்கள், மளிகைக் கடைப் புளியிலிருந்து கொட்டைகள். நாலும் ரெண்டும் எண்ணிப் போட்டுப் பெட்டியை மூடினேன். பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ, ரெஜினாவின் முகத்தைப் பார்த்ததும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மத்தது போனாப் போகுது அண்ணா. அந்தக் கறுப்பு பட்டன் டைரக்டரே தன் சட்டையிலேர்ந்து பிச்சுக் குடுத்தது. அதுதான் விண்கப்பல். நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க, எனக்குத் தைரியம் இல்ல."

போய்ச் சொன்னேன், டைரக்டர் தன் சட்டையிலிருந்து இன்னொரு பட்டனைப் பிய்த்து, நான் நீட்டிய கையைத் தாண்டி ரெஜினாவிடம் கொடுத்தார்.