கல் தெரியணுமாம்

கன்செப்டா மல்ஹெர்ன் பதினெட்டு வயதில் கல்யாணமாகி ஊர்ச் சந்தை மண்டபத்தின் மாடிக்கு வந்தவள். கீழே வளைவு வாசல்கள், ஒரு காலத்தில் ஓட்ஸும் வெண்ணெயும் எடை போட்ட இடம். மேலே இரண்டு அறை. மண்டபத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது புருஷன் வேலை. அவன் செத்த பிறகு அதுவும் இவள் தலையில். ஐம்பது வருஷத்தில் அவள் ஊரிடம் கேட்டது ஒன்றுதான்: படுக்கிற இடம் காய்ந்திருக்க வேண்டும். மழை ஓயாத அயர்லாந்தின் மேற்குக் கரையில் அது பேராசை. ஆனாலும் அந்தச் சுவர் ஏமாற்றியதில்லை.

அப்புறம் எந்த ஊர் அழகு என்று பார்த்துப் பரிசு தரும் போட்டி வந்தது. அதற்கான ஊர்க் கமிட்டியின் தலைவர் ஃபின்டன் லாவர்ட்டிக்கு மருந்துக்கடை. கட்டடக் கலையை நாள்காட்டிப் படம் பார்த்துக் கரைத்துக் குடித்தவர்.

"மேல் பூச்சைப் பேத்துட்டா நிஜமான கல்லு தெரியும், கன்செப்டா. இருநூறு வருஷத்து அழகு."

"உங்க சட்டையக் கழட்டினாலும் நிஜம்தான் தெரியும், ஃபின்டன். அதை ஊரே பாக்கணுமா? கட்டினவன் காரணமில்லாமயா பூசினான்?"

"சும்மா பகட்டுக்குப் பூசினது."

மே மாதம் சுண்ணாம்பைக் கொத்தி எறிந்தார்கள். உள்ளே இருந்தது, கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்த பொடிக்கல். அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பரிசும் வந்தது. கூடவே கடல்பக்கத்து மழையும், குறுக்குவாட்டில். சுவர் வஞ்சனையில்லாமல் குடித்தது. கட்டில் பக்கத்துச் சுவர்த்தாள் உரிந்து தொங்கியது, செருப்பில் பூஞ்சை பூத்தது.

"ஜன்னலத் திறந்து வைங்க. ஈரம் நீங்க விடற மூச்சால வருது" என்றார் ஃபின்டன்.

"ஐம்பது வருஷமா மூச்சு விடாமலா இருந்தேன்?"

"வேணும்னா ஊருக்கு வெளிய புது வீட்டுக்குப் போயிடுங்களேன்."

பரிசு வாங்கிய கமிட்டிக்கு அடுத்த ஞாயிறு மாடியில் தேநீரும் பழ ரொட்டியும் என்று கன்செப்டா சொல்லி அனுப்பினாள். தலைவருக்கு மட்டும் மேற்குச் சுவரை ஒட்டிச் சாய்மானம் இல்லாத முக்காலி. வெளியே நல்ல மழை. ஃபின்டன் சுவரில் சாய்ந்தபடி ஒரு மணி நேரம் கல்லின் அழகைப் பேசினார். எழுந்தபோது கம்பளிக் கோட்டின் முதுகு முழுக்கச் சொதசொதவென்று நனைந்து, நீலப் பூப்போட்ட சுவர்த்தாள் ஒரு முழம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன ஃபின்டன், முதுகாலயும் மூச்சு விட்டீங்களா?"

கமிட்டியின் மற்ற ஆறு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள்.

அடுத்த மே மாதம் சுண்ணாம்பு திரும்ப ஏறியது. வாசலில் புதுப் பலகையும் ஏறியது: 'தொன்மையான பூச்சு, கமிட்டியின் தொலைநோக்கால் மீட்கப்பட்டது.' கன்செப்டா அதைப் படித்துவிட்டு மாடியேறி, ஈரத்துக்குப் பயந்து அறை நடுவே இழுத்துப் போட்டிருந்த கட்டிலை மறுபடி சுவரோடு தள்ளிப் போட்டாள்.