இஸ்ஸதீன் இரட்டிப்பாகக் கேட்ட இன்சுலின்

இருபது வேண்டுமென்றால் நாற்பது என்றுதான் இஸ்ஸதீனுக்கு வாய் திறக்கும். மாங்குளத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் மருந்துக் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது. மருந்து வேண்டுமென்றால் வவுனியா ஏஜென்டுக்குத் தொலைபேசி எடுப்பார். எதைக் கேட்டாலும் ஏஜென்ட் பாதியாகக் குறைப்பார். இது இருவருக்கும் தெரியும். சலாம் சொன்னால் பதில் சலாம் வருவதுபோல, நாற்பதுக்கு இருபது வரும். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பி அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். ஐந்து வேளை தொழுகிற மனிதர். அதை ஒருநாளும் பொய் என்று அவர் நினைத்ததில்லை.

அவருடைய மனைவி றம்லா இதைச் சொல்லிச் சிரிப்பாள். சோறு கேட்டாலும் மனுசன் இரண்டு கோப்பை என்றுதான் கேட்பார், நானும் ஏஜென்ட் மாதிரி ஒன்றுதான் வைப்பேன் என்பாள்.

மகள் ஸாஜிதா வவுனியாவில் கணினி படித்தவள். மருத்துவமனைகளையும் மருந்து விநியோகஸ்தர்களையும் இணையத்தில் இணைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. யாரிடம் எவ்வளவு கையிருப்பு என்று திரையில் தெரியும். ஓடரும் பில்லும் அதிலேயே முடியும். வவுனியா ஏஜென்ட் அதில் சேர்ந்தார், வாப்பாவின் மருத்துவமனையும் சேர்ந்தது. மருத்துவமனையை நடத்தும் டொக்டர் விமலேஸ்வரி ஒரு நிபந்தனை வைத்தார்: சிறிது காலம் பார்ப்போம், சரிவராவிட்டால் பழையபடி தொலைபேசி.

மின்வெட்டு, சிக்னல், மறந்துபோகும் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஸாஜிதா யோசித்து வைத்திருந்தாள். வாப்பாவை யோசிக்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் இன்சுலின் நாற்பது பெட்டி என்று அடித்தார். களஞ்சியத்துக்கு எவ்வளவு தேவை என்பது அவளுக்குத் தெரியாது. பின்னால் நின்று பார்த்தவள், வாப்பா பழகிவிட்டார் என்று சந்தோசப்பட்டாள்.

லொறி வந்தது. நாற்பதும் வந்தது.

மருந்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடவில்லை. வேலையாட்களின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தயிர்ச்சட்டியையும் மீனையும் வெளியே எடுத்துவிட்டு மீதியை அங்கே அடுக்கினார்கள். டொக்டர் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் என்ற முறையில் இஸ்ஸதீன் எல்லோருக்கும் நானாதான். "நானா, வன்னிச் சனம் முழுக்க எங்களிட்டத்தான் வருகுதோ?" என்று மட்டும் கேட்டார். இஸ்ஸதீன் தலையைச் சொறிந்தார்.

அன்று பின்னேரம் பளையிலிருந்து செந்தூரன் தொலைபேசி எடுத்தான். அங்கேயுள்ள மருத்துவமனையில் மருந்து வாங்குபவன். அதே ஏஜென்டிடம் வாங்கும் அவர்களும் இந்த இணைய ஓடருக்கு மாறியிருந்தார்கள். திரையில் இன்சுலின் இல்லை என்று காட்டுகிறதாம். அடுத்த கிழமைதான் வருமாம். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை தினமும் ஊசி போடுகிறது, அதற்கே கையில் கொஞ்சம்தான் மிச்சம். அங்கே ஏதும் கிடக்கிறதா நானா என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்று இஸ்ஸதீன் வைத்துவிட்டார்.

பார்க்க என்ன இருந்தது? இரண்டு குளிர்சாதனப் பெட்டியும் நிரம்பிக் கிடந்தன. ஆனால் கைக்கு வந்த மருந்தை விட்டுக்கொடுத்துப் பழகாத கை அது. மருந்தே இல்லாத காலத்தைக் கண்ட கை.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் சாப்பிடவில்லை. ஸாஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"கேட்டா பாதிதானே மகள் தருவினம்."

"அது ஏஜென்ட், வாப்பா. இது நீங்க சொன்னதை நம்பிட்டுது."



"அப்ப அந்தப் பிள்ளையின்ர மருந்தையும் நான்தான் எடுத்து வச்சிருக்கிறன்."

ஸாஜிதா ஆறுதல் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. உடனே செந்தூரனுக்குத் தொலைபேசி எடுத்து, மருந்து இருக்கிறது, பிழை என்னுடையது, காலையில் அனுப்புகிறேன் என்றார். ஏஜென்டுடன் பேசி, அந்தப் பங்கின் பில்லைப் பளைக்கு மாற்றியது ஸாஜிதா.

காலையில் குளிர் போகாத ரெஜிபோம் பெட்டியில் அடியில் ஐஸ், அதன்மேல் துவாய், அதற்கும் மேலே மருந்து. ஐஸ் பட்டு உறைந்தாலும் இன்சுலின் பழுதாகிவிடும் என்று துவாயை இரண்டாய் மடித்து வைத்தார். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸை மறித்தார். ஐஸ்கிறீமோ நானா என்று கொண்டக்டர் கேட்டான்.

"ஓம். சீனி இல்லாத ஐஸ்கிறீம். பளையில ஆள் நிக்கும், வெயில் படாமக் குடு."

மத்தியானத்துக்கு முன் பெட்டி சேர்ந்துவிட்டது.

டொக்டரிடமும் தானே போய்ச் சொன்னார். இனி உள்ளதைக் கேட்பேன், ஒரு மாதம் பொறுங்கோ என்றார். டொக்டர் பொறுத்தார்.

அடுத்த மாதம் இருபது என்று அடித்துவிட்டு விரலை எடுக்காமல் இருந்தார். "நான் இருபது போட, மற்றவன் எண்பது போட்டா?" என்றார். அதற்கு ஸாஜிதாவின் கணினியில் பதில் இல்லை. பதிலை வாப்பாவே தேடினார். செந்தூரனுக்கும் புளியங்குளத்துத் தவராசாவுக்கும் தொலைபேசி எடுத்தார். தவராசாவும் அங்கே இதே வேலையில் இருப்பவர், அதே ஏஜென்டிடம் வாங்குபவர், இதே பழக்கக்காரர். மூவரும் உள்ளதை மட்டும் போடுவதென்று பேசிக்கொண்டார்கள். தவராசா ஏமாற்றினால் அவர் மகளின் கலியாணத்துக்கு இரட்டிப்பாய்ச் சனம் கூட்டிக்கொண்டு வருவேன் என்று இஸ்ஸதீன் மிரட்டினார்.

லொறி இருபது கொண்டுவந்தது. மற்ற இருவருக்கும் கேட்டது கிடைத்தது. ஏஜென்டுக்குத் தொலைபேசி எடுத்த காலம் அதோடு முடிந்தது.

அடுத்த வருடம், மாரி தொடங்கிய கிழமை, விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. 

வாப்பாவுக்காக வீட்டில் கத்தம் ஓதி முடிந்தபின் ஸாஜிதா மருத்துவமனைக்குப் போனாள். புதிய ஆள் இன்னும் வரவில்லை. மாத ஓடர் போட வேண்டும். திரையைத் திறந்தாள். ஓடர் செய்பவர்: இஸ்ஸதீன். இந்த மாதம் இருபத்திரண்டு போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு அடித்தாள். விரல் எழவில்லை. வாப்பாவின் வாக்கு வாப்பாவோடு போயிருந்தால்?

தொலைபேசி அடித்தது. செந்தூரன்.

"தங்கச்சி, நானா இல்லையெண்டு நாங்கள் ஒண்டும் கூட்டிப் போடேல்லை. தவராசா அண்ணையும்தான்."

"நானும் உள்ளதைத்தான் போடுறன், அண்ணா."

அனுப்பினாள்.

லொறி வந்தபோது அவளே நின்று இறக்கினாள். பெட்டிகளை ஒவ்வொன்றாய் அடுக்கினாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு இலேசாக மூடிக்கொண்டது.