ஜோசபின் டீச்சரின் ஒத்திகை வகுப்பு

சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லித்தருகிறார் ஜோசபின். பேசுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஞாயிறு பூசை முடிந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால், கடைக்காரர் விலை சொல்வதற்குள் இவரே ஒரு விலையைச் சொல்லி, அது அதிகம் என்று சண்டையும் போட்டு முடித்திருப்பார். வகுப்பிலும் அதே கதைதான். கேள்வி கேட்பார். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் சொல்லிவிடுவார்.

மூத்த ஆசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் வகுப்பைப் பார்வையிட்டவர்கள் ஒரே குறையைத்தான் எழுதினார்கள்: ஆசிரியர் பேசுகிறார், மாணவர்கள் பேசவில்லை. பதவி கிடைக்காததைவிட அந்த வரிதான் அவரைச் சுட்டது. மூன்றாவது முறை விடுவதாயில்லை.

இந்த முறை வகுப்பைப் பார்வையிடத் துறைத் தலைவி ஹஸீனா புதன்கிழமை வருவதாக ஏற்பாடு. ஜோசபின் திங்களன்றே உயர்நிலை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்துவிட்டார்! பாடம், தேக்கா சந்தைக்குப் போய்வந்த அனுபவம். எட்டுக் கேள்விகள், எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு பதில், எல்லாம் மனப்பாடம். ஒன்பதாவது பிள்ளை வர்ஷா. அவள் தமிழில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. எதற்கு வம்பு என்று அவளுக்குத் தாள் கொடுக்கும் வேலையைத் தந்தார்.

புதனன்று ஹஸீனா மடிக்கணினியோடு பின்வரிசையில் உட்கார்ந்தார். முதல் கேள்வி அமர்க்களமாகப் போனது. பதற்றத்தில், பூக்கடை பற்றிய இரண்டாம் கேள்வியை விழுங்கிவிட்டு மூன்றாவதற்குத் தாவினார் ஜோசபின்.

“மீன் கடையில் என்ன வாங்கினீர்கள்?”

யதீசன் எழுந்தான். “இரண்டு முழம் மல்லிகைப்பூ, டீச்சர்.”

ஜோசபின் சமாளித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். “வீட்டில் அதை யார் சமைத்தார்கள்?”

“ஒரு கிலோ இறால்,” என்றாள் தர்ஷனா, ரொம்பத் தெளிவாக.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சொல்லிக்கொடுத்த வரிசை பிசகாமல்தான் சொன்னார்கள். பின்வரிசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஜோசபினுக்கு அவமானமாக இருந்தது. கேள்வித்தாளை மேசையில் கவிழ்த்தார்.

“ஹஸீனா, இது முந்தாநாளே ஒத்திகை பார்த்தது. சாரி, பிள்ளைங்களா, நான் செஞ்சது தப்பு.” பிறகு, கையில் வேறு கேள்வி இல்லாததால், மனத்தில் கிடந்ததையே கேட்டார். “என் வகுப்புல நீங்க ஏன் பேச மாட்டேங்கறீங்க?”

இதற்குப் பதில் அவருக்குத் தெரியாது. அதனால் வேறு வழியின்றிக் காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் அரை நிமிடம் போவதற்குள் உயிர் போய் வந்தது.

“டீச்சர்.” வர்ஷாதான். “நான் ஸ்லோ. வார்த்தைய... மனசுல தேடணும். கிடைக்கறதுக்குள்ள நீங்க சொல்லி முடிச்சிடறீங்க.”

ஜோசபின் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். வர்ஷா இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“மண்டே எல்லாருக்கும் பதில் கொடுத்தீங்க. எனக்கு மட்டும் பேப்பர் கொடுத்தீங்க.”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஜோசபினுக்கு வலித்தது. அதைவிட, அவள் இவ்வளவு பேசிவிட்டாளே என்று சந்தோஷம் பொங்கியது.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் ஹஸீனா அருகில் வந்தார். “அக்கா, அடுத்த வாரம் வேற வகுப்பு பார்க்கறேன். இன்னிக்கு நடந்ததை எழுதாம விட்டுடறேன்.”

நல்ல மனம்தான். ஜோசபினின் மனம் ஆச்சரியமாக லேசாகியிருந்தது.

“வேணாம் லா. வர்ஷா பேசினதை எழுதுங்க.”

“அப்போ ஒத்திகையையும் எழுதணுமே, அக்கா. இந்த வருஷமும் பதவி கிடைக்காது.”

“அதை எழுதினாத்தானே அவ ஏன் அப்படிப் பேசினான்னு புரியும்? எழுதுங்க.”