கண்ணுக்குக் கீழே எதைப் போடலாம்?

தோல் கிளினிக்கில் ஆலோசனை சொல்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் நம் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

சேலத்தில் ஒரு கிளினிக்கில் எனக்கு அந்த வேலை. கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்தவர்களை உட்காரவைத்து, இருக்கிற வழிகளை எடுத்துச் சொல்ல வேண்டும். ஊசி போடுவது டாக்டரம்மா, வாய் வலிப்பது எனக்கு. எனக்கும் அதே பள்ளம் உண்டு. உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே கட்சி. நன்றாகத் தூங்கி எழுந்து வந்த நம்மைப் பார்த்து, "ராத்திரி தூங்கலையா?" என்று நாலு பேர் கேட்டால் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சொந்தச் சரக்கு

நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மா வந்தார். வழக்கம்போல ஆரம்பித்தேன். ஜெல் ஊசி போட்டால் அன்றைக்கே பள்ளம் மேடாகிவிடும், ஏறக்குறைய ஒரு வருஷம் நிற்கும், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம். அடுத்தது, நம் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, தெளிந்து வருவதைப் போடுவது. மெதுவாகத்தான் தெரியும், பல தடவை வர வேண்டும். இன்னொன்று, வயிற்றுக் கொழுப்பை எடுத்து அங்கே வைப்பது. அது ஒரு சின்ன ஆபரேஷன். க்ரீம் போதாதா என்றால், கருப்புக்கு ஓரளவு கேட்கும், குழிக்குக் கேட்காது.

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, என் கண்ணையே உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, பண்ணக்காரி நானே எங்க பண்ணை முட்டையத்தானுங்க திங்கறேன். உங்க கடைச் சரக்கை நீங்க ஏனுங்க போட்டுக்கல?"

அப்பா மட்டும்

டாக்டரம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இலவசமாகவே போட்டுவிடுவாராம், முன்னும் பின்னும் எடுத்த போட்டோவைச் சுவரில் மாட்ட விட்டால் போதுமாம். ஊருக்கெல்லாம் "எறும்பு கடிச்ச மாதிரிதாங்க இருக்கும்" என்று சொல்கிற எனக்கு ஊசி என்றால் பயம். "பாக்கலாம் மேடம்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மகள் தாரணி போன் செய்தாள். நாமக்கல் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்குப் பேச்சுப் போட்டிப் பரிசு. நான் துள்ளிக் குதிப்பதற்குள், "அப்பா மட்டும் வந்தாப் போதும்மா, நீ வர வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நேராகக் கண்ணாடியிடம் போனேன். மற்ற அம்மாக்கள் பளிச்சென்று நிற்கிற இடத்தில் நான் சீக்காளி மாதிரி நின்றால் பிள்ளைக்குக் கூச்சமாகத்தானே இருக்கும்? ஒரே மகள் பரிசு வாங்குவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையா என்று அழுதேன்.

என் வீட்டுக்காரருக்குச் சங்ககிரியில் லாரி ஆபீஸில் வேலை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் சொன்னார்: "லோடு எங்க எறக்கோணும்னு தெரியாம வண்டியக் கெளப்பக் கூடாது. எதுக்கு வேண்டாங்கறான்னு அவகிட்டயே ஒரு வார்த்தை கேளு."

நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

ஒரே தொழில்

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி முதலாளி ஒருவர் வந்தார். வட மாநிலங்களில் வெயிலிலும் புழுதியிலும் அலைந்து கண் உள்ளே போயிருந்தது. நானும் எதைப் போட்டுக்கொள்ளலாம் என்று குழம்பிக்கொண்டிருந்த நேரம், அதனால் அன்றைக்கு வழக்கத்தைவிட அக்கறையாகவே விளக்கினேன். ரத்தம் எடுக்கிற கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ற ரத்தத்தை எனக்கே ஊத்தறதுக்கு இவ்வளவு செலவா?" என்றார். கடைசியில் ஜெல்லுக்கே ஒத்துக்கொண்டு, எழுந்து போகும்போது சொன்னார்: "நாங்க குழி போட்டுக் காசு வாங்கறோம், நீங்க குழியை மூடிக் காசு வாங்கறீங்க. ரெண்டும் ஒரே தொழில்தானுங்க சாமி."

இரண்டு கார்

விசேஷத்துக்கு ரெண்டு வாரமாவது முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், சிலருக்கு ரத்தம் கட்டி நீலமாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்வேன். எடப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "வீட்டில் விசேஷம் ஏதும் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியிலேயே அண்ணன் மகன் கல்யாணம்.

திங்கட்கிழமை காலை கிளினிக் வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. இறங்கியது அந்த அம்மாவின் அண்ணன் தம்பிகள். நடுவில் அவர் வீட்டுக்காரர், முகத்தில் ஈயாடவில்லை. தங்கச்சி கண்ணுக்குக் கீழே நீலம் பூத்திருப்பதைக் கல்யாண மண்டபமே பார்த்திருக்கிறது. ஊசியால் வந்தது என்று வீட்டுக்காரர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அந்த அம்மாவோ வெட்கப்பட்டு வாயே திறக்கவில்லை. டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு பெரிய அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்ப மாப்ள கை வெக்கலீங்களா? செரி உடுங்க, ரெண்டு வண்டி டீசல்தான் தண்டம்."

என் முறை

அதற்கப்புறம் நான் தாமதிக்கவில்லை. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே படுத்துவிட்டேன். ஜெல்தான். பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம் என்கிற தைரியம். எறும்பு கடிப்பது மாதிரி இல்லை என்பதை நம் கட்சிக்காரர்களுக்கு மட்டும் சொல்லிவைக்கிறேன். வீக்கம் வடிந்து கண்ணாடியைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பத்து வயசு குறைந்தது என்று டாக்டரம்மா போட்டோ எடுத்தார். வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். "முடி கிடி வெட்டிக்கிட்டியா?"

மேடையை மட்டும்

கூப்பிடாத விழாவுக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மைதானம் நிறையப் பெற்றோர்கள். தாரணி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கண்ணைத்தான் பார்க்கப் போகிறாள் என்று முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"எதுக்கு சாமி வர வேண்டாம்னே? அம்மா மூஞ்சி நல்லா இல்லைன்னா?" என்று கேட்டேவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன் மூஞ்சிக்கு என்னம்மா? போன தடவை வந்தப்ப எங்க கிளாஸ் ஸ்வேதாவோட அம்மாவப் பாத்த ஒடனே, 'உங்களுக்குப் பள்ளம் ஜாஸ்திங்க, ஒரு ஊசியில நிக்காது'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியே! அவங்க அழுதுட்டே போனாங்க. ஸ்வேதா இன்னமும் எங்கூடப் பேசறதில்ல. இன்னைக்கு அவங்களும் வந்திருக்காங்க. வந்தது வந்துட்ட, யாரு மூஞ்சியும் பாக்காத, மேடைய மட்டும் பாரு."

கண்ணுக்குக் கீழே விழுகிற பள்ளத்துக்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள், வாய்க்குத்தான் இன்னும் ஒரு ஊசிகூட வரவில்லை.