காளான் பவளம் சுருங்கிய மாதம்

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையில், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பிக் காளான் பவளங்கள் வளர்க்கிறேன். வெங்காயமும் புகையிலையும் விளைகிற ஊரில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆளில்லை. தேவைதான் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மானிப்பாயில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை. காலையிலிருந்து பின்னேரம் வரை மற்றவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பவள், வீட்டுக்கு வந்தால் நோயில்லாத ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டாமா? மகள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகு தொட்டியை வாங்கினேன். முதலில் இரண்டு மீன்கள். பிறகுதான் காளான் பவளம்.

பவளம் என்று பெயர் இருந்தாலும் அதற்குக் கல் எலும்பு கிடையாது. கல்லில் ஒட்டிக்கொண்டு, மழைக்காலக் காளானின் குடை அளவுக்கு விரிந்து நிற்கிற மெல்லிய சதை. நடுவில் சின்னதாக ஒரு வாய். எனக்குக் கிடைத்தவை ஏழு. நான்கு கருஞ்சிவப்பு, மூன்று நீலத்தில் பச்சைப் புள்ளி போட்டவை. யாழ்ப்பாணம் நகரத்தில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது சின்னப் பிள்ளையாகப் புத்தளம் போய், பெரியவனாகி, பெண்சாதி பிள்ளைகளுடன் திரும்பி வந்தவர். வயதில் எனக்கு இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

"அக்கா, இது கடலிலை உடைச்சதில்லை. தொட்டியிலை வெட்டி வளத்தது. கடலிலை உடைச்சதை நான் கடைக்குள்ள எடுக்கமாட்டன்," என்றார் பையைக் கையில் தரும்போது. "பயப்பிடாமல் வையுங்கோ. ஊத்தைத் தண்ணியிலையும் நிக்கிற சாமான்."

கடல் தண்ணீருக்கு வழி இருந்தது. என் கணவர் தோட்டக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கான்களை ஏற்றிக்கொண்டு, பண்டத்தரிப்பு வழியாக மாதகல் கடற்கரைக்குப் போய் அள்ளி வருவார். "தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறது காணாதெண்டு வீட்டுக்குக் கடலையும் இறைக்கிறன்," என்று வழியில் காண்பவர்களுக்கெல்லாம் சொல்வார். எங்கள் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றும். வற்றுவது நல்ல தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே வற்றிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தேன்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. காலையில் விளக்குப் போட்டு அரை மணித்தியாலத்தில் ஏழும் விரிந்துவிடும். தை மாதம், மழை விட்டு வெங்காயம் நட்டிருந்த நேரத்தில், சிவப்பில் இரண்டு விரியவில்லை. ஓரம் உள்ளே சுருண்டு, சட்டைப் பொத்தான் அளவில் கல்லோடு கிடந்தன. ஒரு கிழமைக்குள் ஏழும் அப்படியே.

வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து விளக்கை உயர்த்திக் கட்டினேன். பயனில்லை. நீரோட்டம் பலமாக அடிக்கிறதோ என்று பம்பின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அதுவும் இல்லை. உப்பை அளந்தேன், சூட்டை அளந்தேன், இரண்டும் சரி. கடைசியில் கடைக்காரத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"உதுகளே சுருங்குதெண்டால் தண்ணியிலைதான் பிழை, அக்கா. மேலை ஊத்துறது என்ன தண்ணி?"

"எங்கடை கிணத்துத் தண்ணி."

"தோட்டத்துக் கிணறோ? உரத்தாலை இறங்கிற நைத்திரேற்று பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. ஊரிலுள்ளவர்களின் உடம்பில் ஓடுவதையெல்லாம் சோதிக்கிறவளுக்குத் தன் வீட்டுக் கிணற்றைச் சோதிக்கத் தோன்றவில்லை. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பிழையைக் கண்டுபிடித்த பிறகும் சும்மா இருந்தால்தான் வெட்கம்.

அன்று பின்னேரமே நகரத்துக்குப் போய் அவரிடம் சோதனைப் பெட்டி வாங்கி வந்தேன். சிறு குழாயில் தண்ணீர் எடுத்துத் துளி மருந்து விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் நல்லது, சிவக்கச் சிவக்கக் கூடாதது. தொட்டித் தண்ணீர் நல்ல சிவப்பு. அடுத்த குழாயில் கிணற்றுத் தண்ணீரை எடுத்தேன். சொன்ன நேரம் ஆவதற்கு முன்னமே அதுவும் சிவந்துவிட்டது. ஐந்து மாதமாக நான் ஊற்றியதில் தண்ணீர் வற்றிப் போக, இது மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இரண்டு குழாய்களையும் பிடித்தபடி குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள், ஏழு மாத வயிற்றோடு, அதே கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் வார்த்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காளான் பவளம் மறந்து போயிற்று.

என் கணவர் தோட்டத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோ."

"என்னது, சர்பத்தோ?"

"எங்கடை கிணத்துத் தண்ணி. நாங்கள் போடுற யூரியா மண்ணுக்குள்ளாலை இறங்கி இஞ்சை வந்து நிக்குது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அப்ப என்ரை தோட்டம்தான் உம்மடை காளானைக் கொல்லுது எண்டுறீர்."

"காளானை விடுங்கோ. பிறக்கப்போற பிள்ளைக்கு இந்தத் தண்ணியிலை பால்மா கரைக்கேலாது. பச்சைக் குழந்தையின்ரை இரத்தம் இதைத் தாங்காது."

"கொதிக்கவைச்சுக் குடுத்தால் என்ன? எங்கடை மகளும் இதைத்தானே குடிச்சு வளந்தவள்?"

"கொதிக்கவைச்சால் கிருமி சாகும். இது சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்."

"ஊரிலை எல்லாரும்தான் யூரியா போடினம். நான் மட்டுமோ போடுறன்?" என்றபடி துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

அவருடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. விடிய எழும்பி முதுகு வளைத்து உழைக்கிற மனிதரிடம், உன் உழைப்பு வீட்டுக் கிணற்றைக் கெடுத்துவிட்டது என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் நான் விடவில்லை. ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, தண்ணீர் சோதிக்கும் அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கொடுத்தேன். குடிக்க ஏற்றதல்ல என்று அவர்களும் எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். மறுநாள் குசினியில் நைத்திரேற்றையும் பிரித்தெடுக்கிற வடிகருவி பூட்ட ஆள் வந்தபோது, சுவரில் துளை போட ஏணியைப் பிடித்தவர் அவர்தான்.

அதிலிருந்து குடிக்க, சமைக்க, தொட்டிக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் வடித்த தண்ணீர்தான். தொட்டியிலிருந்து நாளுக்கு ஒரு வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, மாதகல் தண்ணீர் ஒரு வாளி ஊற்றினேன். ஒரேயடியாக மாற்றினால் மாற்றமே அவற்றைக் கொன்றுவிடும். மூன்று கிழமையில் ஒரு நீலம் பாதி விரிந்தது. எனக்கு அது போதும். மற்றவையும் விரியும் என்று மகளிடம் அடித்துச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, நான்கு நாள் பயிற்சிக்குக் கொழும்பு போக வேண்டி வந்தது. எட்டு மாத வயிற்றோடு மகளால் வாளி தூக்க முடியாது. அவர், "போட்டு வாரும். நான் பாக்கிறன்," என்றார். கண்ணாடியில் கோடு போட்டுக் காட்டி, வடித்த தண்ணீரை அதுவரை ஊற்றினால் போதும் என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"இஞ்சரும், உம்மடை சிவப்பொண்டு கல்லைவிட்டுக் கழண்டு மிதக்குது. செத்துப் போச்சோ?"

"அழுகின மணம் வருதோ?"

"இல்லை."

"அப்ப உயிரோடைதான் இருக்கு. முதல் பம்பை நிப்பாட்டுங்கோ. உள்ளுக்கை இழுபட்டால் அரைஞ்சுபோம்."

"நிப்பாட்டிப் போட்டுத்தான் போன் எடுத்தனான்," என்றார் கொஞ்சம் பெருமையோடு.

"கோப்பை ஒண்டிலை சின்னச் சின்னக் கல்லுப் போட்டு, அதுக்கு மேலை அதை விட்டு, வாயை வலைத் துணியாலை மூடிக் கட்டுங்கோ. தானாக் கல்லைப் பிடிச்சுக்கொள்ளும். மருந்தடிச்ச கையோடை தொட்டிக்குள்ள கை வையாதையுங்கோ."

"வலைத் துணிக்கு எங்கை போறது? வெங்காயப் பையிலை ஒரு துண்டு வெட்டட்டோ?"

நான் சிரித்துவிட்டேன். "ஓம், அது நல்லாக் கழுவின பையெண்டால் வெட்டுங்கோ."

திரும்பி வந்தபோது, தொட்டியின் மூலையில் நீரோட்டம் குறைந்த இடமாகப் பார்த்து ஒரு தேத்தண்ணிக் கோப்பை வைக்கப்பட்டிருந்தது. அதன் வாயில் சிவப்பு வெங்காய வலை, புகையிலைச் சிப்பம் கட்டுகிற முடிச்சோடு. தோட்டத்துக்குப் போகுமுன் அவர் நாளும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். பத்தாம் நாள், "பிடிச்சிட்டுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் மகள் பயந்து எழும்பிவிட்டாள். வலையை அவிழ்த்தோம். இரண்டு கற்களைச் சேர்த்துப் பிடித்தபடி, என் உள்ளங்கை அளவுக்கு விரிந்து நின்றது.

பேத்தி பங்குனியில் பிறந்தாள். பால்மா தேவைப்பட்டபோது வடித்த தண்ணீரில்தான் கரைத்தோம். அதற்குள் அவர் விவசாயக் கந்தோருக்குத் தானாகவே போய், உரத்தை அள்ளிப் போடாமல் குறைத்துப் பிரித்துப் போடுகிற முறையைக் கேட்டுவந்து, எங்கள் வெங்காயத்துக்குச் செய்து பார்த்திருந்தார். விளைச்சல் விழவில்லை. என் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிணறுகளையும் பார்த்து வந்தார். கைக்குழந்தை இருந்த இரண்டு வீடுகளில் அவரே வடித்த தண்ணீர்க் கான் கொண்டுபோய் இறக்கினார். எங்கள் கிணறு இன்னும் சிவப்புத்தான். அது மாற வருடங்கள் எடுக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இப்போது என்ன குடிக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஏழு பவளமும் தேறிய பிறகு, பெருக்குவதற்காக முதல்முறையாக அவற்றை வெட்டினேன். புது பிளேட்டால் வாயின் நடுவாக ஒரே இழுப்பு. தயங்கித் தயங்கி அறுத்தால்தான் அதற்குக் காயம் கூட. அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"பாவமெல்லே?"

"ரெண்டு கிழமையிலை பாருங்கோ."

இரண்டு கிழமையில் ஒவ்வொரு பாதியும் தனக்கென்று ஒரு வாயோடு வட்டமாகிவிட்டது. கடைக்காரத் தம்பி குடும்பத்தோடு பார்க்க வந்து நான்கு துண்டுகளைக் கொண்டுபோனார். மிச்சம் கல் முழுக்கப் பரவிக்கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு முன்னறைச் சுவரின் முன் நின்று, ஆறடித் தொட்டிக்கு இடம் காணும் என்று சொன்னவர் அவர்தான்.